உயர்நிலை வகுப்பில் என் பிள்ளை எதைப் படிக்க வேண்டும்?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்தவுடன், எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. "எட்டாம் வகுப்புவரை எப்படியோ வந்துவிட்டான் டாக்டர், இனி என்ன செய்வது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுத வைக்கலாமா, சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடலாமா?" கேட்பவர் தாயாகவோ தந்தையாகவோ இருப்பார், சில நேரங்களில் தாத்தாவாக இருப்பார். அவர் மடியில் மருத்துவ அறிக்கைகள் அடங்கிய தடித்த கோப்பு ஒன்று இருக்கும். விடை அந்தக் கோப்புக்குள் இருப்பதாக அவர் நம்புகிறார். உண்மையில் அங்கே பாதி விடைதான் உள்ளது. மறுபாதி, பிள்ளையை நாள்தோறும் பார்த்துவரும் குடும்பத்தினரிடம் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒரு பாடத்திட்டத்தை எப்படி வகுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்

சில ஆண்டுகளுக்கு முன், டவுன் சிண்ட்ரோம் உள்ள பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைப் பரிசோதித்தேன். பள்ளி கேட்டதன்பேரில் மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். வழக்கம்போல் நுண்ணறிவு ஈவைக் குறித்து, அடுத்த வரியில் "மன வயது: 6 ஆண்டுகள்" என்றும் எழுதினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் மறுபரிசோதனைக்கு வந்தாள். தாய் பள்ளிப்பையைத் திறந்து குறிப்பேடுகளை என் மேசைமீது வைத்தார். அந்த இரண்டு ஆண்டுகளும் அவள் புள்ளிக்கோடுகளின்மேல் உயிரெழுத்துகளை வரைந்திருந்தாள். ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருந்தாள். ஆசிரியரிடம் கேட்டபோது, "ஆறு வயது என்று டாக்டரே எழுதியிருக்கிறாரே, அதனால்தான் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தோம்" என்றாராம். அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. நான் எழுதியதை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

அன்று காத்திருப்புக் கூடத்தில் அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? பலகையில் மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்து, கையிலிருந்த சீட்டோடு ஒப்பிட்டு, "அம்மா, நம்ம நம்பர் வந்துவிட்டது" என்று எழுந்து நின்றாள். பாட்டியின் கைப்பேசியில் அவர் விரும்பும் பாடலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இவற்றைச் செய்யக்கூடிய பெண்ணை என் ஒரு வரி இரண்டு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டது.

மன வயது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

நுண்ணறிவுத் தேர்வின் முன்னோடி, 1905-இல் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் உருவாக்கிய அளவுகோலாகும். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். அந்த மரபிலிருந்து வந்ததே மன வயது என்னும் கருத்து. "மன வயது 6" என்றால், குறிப்பிட்ட சில வினாக்களில் அந்தப் பிள்ளை பெற்ற மதிப்பெண், சராசரி ஆறு வயதுக் குழந்தை பெறும் மதிப்பெண்ணுக்கு நிகர் என்பது மட்டுமே பொருள். பிள்ளை ஆறு வயதுக் குழந்தை ஆகிவிடுவதில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பதினைந்து ஆண்டு வாழ்வின் அனுபவம் உண்டு. அவள் உடல் பூப்பெய்திய உடல். நட்பும் நாணமும் கோபமும் அவள் வயதுக்கு உரியவை.

இன்றைய மருத்துவமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிவுசார் குறைபாட்டின் தீவிரத்தை நுண்ணறிவு ஈவைக் கொண்டு பிரிப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் பிள்ளை தானாக எவ்வளவு செய்கிறது, எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே பிரிக்கிறது. பாடத்திட்டத்துக்கும் அதுவே தொடக்கப்புள்ளியாக இருக்க வேண்டும்.

உயர்நிலைப் பருவம் ஏன் வேறானது?

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை. பிள்ளையின் இயல்பை அந்த ஆசிரியர் அறிந்திருப்பார். உயர்நிலையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர். மணி அடித்தால் முகம் மாறும், பேச்சின் வேகம் மாறும். பிள்ளையின் தேவையை ஒருவர் அறிந்தால் போதாது; ஐந்தாறு பேர் அறிய வேண்டும். இது முதல் வேறுபாடு.

இரண்டாவது, பாடத்தின் தன்மை. கண்ணால் பார்த்துத் தொட்டு அறியக்கூடியவை குறைந்து, மனத்தால் மட்டும் கருதக்கூடியவை கூடுகின்றன. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகள் தேர்ச்சி பெற்று வந்துவிடுவதால், வாசிக்க இயலாத பிள்ளையின் இடர்ப்பாடு ஒன்பதாம் வகுப்பில்தான் பலருக்குத் தெரிகிறது.

மூன்றாவது, காலம். ஆறு வயதில் ஓராண்டு வீணானால் ஈடுசெய்ய வழியுண்டு. பதினான்கு வயதில் பள்ளிக்காலமாக எஞ்சியிருப்பது நான்கைந்து ஆண்டுகள். அதன்பின் மணியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. எனவே "இவன் எந்த வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியும்?" என்பதைவிட, "பள்ளி முடிந்த மறுநாள் இவன் காலையில் எழுந்து எங்கே போவான், என்ன செய்வான்?" என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பாடத்தைக் குறைக்குமுன் உடலைப் பாருங்கள்

"கவனமே இல்லை", "முன்பு தெரிந்ததும் இப்போது மறந்துவிட்டது" என்று பள்ளி சொன்னால், அறிவுத்திறன் குறைந்துவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. அதனால் சோர்வும் மந்தமும் தோன்றும். அவர்களுக்கு ஆண்டுதோறும் தைராய்டு, செவி, கண் பரிசோதனைகள் தேவை. குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் பகலில் வகுப்பில் தூங்குவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வளரிளம் பருவத்தில்தான் வலிப்பு முதன்முதலாகத் தோன்றும். சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது, பகற்கனவாக அன்றி வலிப்பாகவும் இருக்கலாம்.

மருந்துகளின் நேரமும் முக்கியம். வலிப்பு மருந்துகள் சில, உட்கொண்டபின் உறக்கக் கலக்கத்தைத் தரும். கவனக்குறைவுக்குத் தரப்படும் குறுகிய நேர மருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரமே வேலை செய்யும். கடினமான பாடவேளை எந்த நேரத்தில் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்ய இவை உதவும். மருந்தின் அளவையும் நேரத்தையும் நீங்களாகவே மாற்றாமல் எங்களிடம் கேளுங்கள்.

வழியை மாற்றுவதா, பாடத்தை மாற்றுவதா?

சிறப்புத் தேவை என்னும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பிள்ளைகள் அடங்குகிறார்கள். அவர்களுக்காகச் செய்யும் மாற்றங்கள் இரு வகை.

முதல் வகை, வழியை மட்டும் மாற்றுவது. டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை, செவித்திறன் அல்லது பார்வைத்திறன் குறைந்த பிள்ளை, மூளை முடக்குவாதத்தால் கை எழுதாவிட்டாலும் சிந்தனை தெளிவாக உள்ள பிள்ளை ஆகியோருக்கு எல்லோருக்கும் உரிய பாடமே பொருந்தும். படித்துக் காட்டுதல், பெரிய எழுத்து, பிரெயில், சைகை மொழி, வாய்மொழி விடை, கூடுதல் நேரம் ஆகியவை அந்தப் பாடத்துக்குச் செல்லும் வேறு வழிகள். இப்பிள்ளைகளுக்குப் பாடத்தையே குறைத்துவிடுவது அநீதி.

இரண்டாம் வகை, பாடத்தையே மாற்றுவது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எவ்வளவு கூடுதல் நேரம் தந்தாலும் இருபடிச் சமன்பாடு பயன் தராமல் போகலாம். அங்கே பாடத்தின் ஆழத்தையும் அளவையும் குறைத்து, வாழ்க்கைக்கு வேண்டியதைக் கூட்ட வேண்டும்.

ஒரே பிள்ளைக்கு ஒரு பாடத்தில் முதல் வகையும் மற்றொன்றில் இரண்டாம் வகையும் தேவைப்படலாம். ஆகவே முடிவைப் பாடந்தோறும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பிள்ளையின் நோய்ப் பெயரை வைத்து ஒட்டுமொத்தமாக எடுக்கக் கூடாது.

இருபத்தொரு வயதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கல்வியாளர் லூ பிரவுன், 1976-இல் தம் குழுவினருடன் ஒரு கருத்தை முன்வைத்தார். கடுமையான குறைபாடுள்ள மாணவருக்குக் கற்பிக்கும் ஒவ்வொன்றும், அவர் வளர்ந்தபின் வாழப்போகும் சூழலில் உதவுமா என்று சோதிக்கப்பட வேண்டும் என்பதே அது. இதை வீட்டு மொழியில் சொல்வதானால்: இந்த வேலையை இவன் கற்றுக்கொள்ளாவிட்டால், இவனுக்காக வேறொருவர் அதைச் செய்ய வேண்டியிருக்குமா? "ஆம்" என்றால் அது பாடத்திட்டத்தில் இருக்க வேண்டியது. பல் துலக்குதல், பேருந்து ஏறுதல், மருந்து உண்ணுதல் போன்றவற்றுக்கு விடை "ஆம்". புள்ளிக்கோட்டின்மேல் எழுத்து வரைவதற்கு விடை "இல்லை".

இக்கருத்தைக் கொண்டு திட்டம் வகுக்கும் முறை இது.

முதற்படி: பிள்ளையின் இருபத்தொன்றாம் வயதில் ஒரு நாளைக் கற்பனை செய்து காலை முதல் இரவுவரை எழுதுங்கள். ஆசையும் நடைமுறையும் கலந்ததாக அது இருக்கட்டும். பிள்ளையிடமும் கேளுங்கள், பேச இயலாவிட்டால் படங்களைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: அந்த நாளில் வரும் இடங்களைப் பட்டியலிடுங்கள். வீடு, தெரு, கடை, பேருந்து, வேலையிடம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை என்று அது அமையும். ஒவ்வோர் இடத்திலும் செய்ய வேண்டிய செயல்களை எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஒரு செயலைச் சிறு கூறுகளாகப் பிரியுங்கள். பேருந்துப் பயணம் ஒரு செயலன்று. எண்ணைப் படித்தல், நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்றல், வண்டி நின்றபின் ஏறுதல், ஊர்ப்பெயர் சொல்லிப் பயணச்சீட்டு கேட்டல், இறங்குமிடத்தின் அடையாளம் அறிதல், வழி தவறினால் முகவரி அட்டையைக் காட்டுதல் என்று ஆறு செயல்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்திலும் சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும். எனவே அந்தக் கூறு யாருக்கும் மிச்சமாவதில்லை.

நான்காம் படி: இன்றைய நிலையைக் குறியுங்கள். தானாகச் செய்கிறானா, ஒரு சொல் சொன்னால் செய்கிறானா, சைகை காட்ட வேண்டுமா, கைபிடித்துச் செய்விக்க வேண்டுமா? "தெரியும்", "தெரியாது" என்ற இரு சொற்களைவிட இந்த நான்கு நிலைகள் ஆசிரியருக்கு மிகுந்த பயன் தரும். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்காக உருவாக்கிய செயல்பாட்டு மதிப்பீட்டுப் பட்டியல், தன்பராமரிப்பு, சமூகத் திறன், கல்வி, தொழில், பொழுதுபோக்கு என்னும் துறைகளில் இவ்வாறே பதிவு செய்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் பலருக்கு அது பழக்கமானது.

ஐந்தாம் படி: ஒரு பருவத்துக்கு ஐந்தாறு இலக்குகள் மட்டும் தேர்ந்தெடுங்கள். இலக்கைக் கண்ணால் பார்த்து அளக்கும்படி எழுதுங்கள். "கணக்கில் முன்னேற்றம்" என்பது இலக்கன்று. "கடையில் விலையைக் கேட்டு, அதற்கு அடுத்த பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்து, மீதியை வாங்காமல் நகரமாட்டாள், ஐந்து முறையில் நான்கு முறை உதவியின்றிச் செய்வாள்" என்பதே இலக்கு. முப்பத்தேழு ரூபாய்க்கு நாற்பது கொடுக்கும் இந்த முறைக்குக் கழித்தல் கணக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கழித்தல் வரும்வரை காத்திருந்தால் சில பிள்ளைகள் கடைக்கே போகமாட்டார்கள்.

ஆறாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீள்பார்வை செய்யுங்கள். இலக்கு அசையவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள். சில செயல்களைக் கடைசிக் கூற்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கற்பிப்பது எளிது. சட்டை அணிவதில் கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளை போடட்டும். அடுத்த வாரம் கடைசி இரண்டை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தது என்ற நிறைவு பிள்ளைக்குக் கிடைக்கும்.

ஒரே வகுப்பு, வேறு ஆழம்

"அப்படியானால் அவளைத் தனி அறையில் உட்கார வைப்பார்களா?" என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அதற்குத் தேவையில்லை. ஒரே பாடவேளையில் ஒரே தலைப்பை வெவ்வேறு ஆழத்தில் கற்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்சாரம் நடக்கிறது என்று கொள்வோம். வகுப்பு ஓமின் விதியைக் கணக்கிடுகிறது. நம் பிள்ளை, ஈரக்கையால் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதையும், டார்ச் விளக்கில் மின்கலத்தைச் சரியான பக்கமாகப் பொருத்துவதையும் அதே மேசையில் கற்கிறாள். உயிரியலில் இதயத்தின் அறைகள் வரும்போது, மணிக்கட்டில் நாடி பார்க்கவும், நெஞ்சு வலித்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் கற்கிறாள். குடிமையியலில் தேர்தல் வரும்போது, பதினெட்டு வயதில் தன் பெயரும் வாக்காளர் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பதை அறிகிறாள்.

கற்பிக்கும் பொருள் எளிதாக இருக்கலாம். குழந்தைத்தனமாக இருக்கக் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி மழலைப் பாடலிலிருந்து வர வேண்டியதில்லை. உணவகத்தின் விலைப்பட்டியல், பேருந்துப் பலகை, கிரிக்கெட் மதிப்பெண், மருந்துச் சீட்டு, கைப்பேசிச் செய்தி ஆகிய எல்லாமே வாசிப்பு நூல்கள்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலர் வளரிளம் பருவத்திலும் வாசிப்பில் முன்னேறுகிறார்கள். ஆகவே வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் வாசிப்பைக் கைவிட்டுவிடுவதும் தவறே.

ஒரு மாதிரி வாரம்

மிதமான அறிவுசார் குறைபாடுள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை வீதம் ஐந்து நாளில் நாற்பது பாடவேளைகளை இவ்வாறு பிரிக்கலாம். இது எடுத்துக்காட்டு மட்டுமே.

பயன்பாட்டு மொழி: வாசிப்பு, பேச்சு, செய்தி அனுப்புதல் – 8
எண், பணம், நேரம் – 7
அறிவியலும் சமூக அறிவியலும், வகுப்போடு சேர்ந்து – 7
வீட்டு வேலைத் திறன்கள், கடை, பயணம் – 5
தொழில் முன்பயிற்சி – 5
தன்பராமரிப்பு, உடல்நலம், பாதுகாப்பு – 4
விளையாட்டு, ஓவியம், இசை – 4

வகுப்பு உயர உயரத் தொழிற்பயிற்சியின் பங்கு கூட வேண்டும். தொழில் என்றவுடன் மெழுகுவத்தியும் காகித உறையும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. உங்கள் தெருவில் என்ன தொழில் நடக்கிறது என்று பாருங்கள். நகலகம், நாற்றங்கால், தையற்கடை, மளிகைக்கடை ஆகிய இடங்களில் வாரம் இரண்டு மணி நேரம் சென்று பழகுவது, பள்ளி அறையில் செய்யும் பயிற்சியைவிட மேலானது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தில் பொருத்திப் பார்ப்பது கடினம். செய்ய வேண்டிய இடத்திலேயே கற்பது நல்லது.

விடுபட்டுப்போகும் பாடம்

பெரும்பாலான திட்டங்களில் விடுபட்டுப்போவது உடலைப் பற்றிய பாடம். மாதவிடாய்த் துணியை மாற்றுவது, தனிமையில் மட்டும் செய்ய வேண்டியவை எவை, யார் எங்கே தொடலாம், "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வது, நடந்ததை நம்பிக்கையானவரிடம் சொல்வது ஆகியவற்றைப் பூப்பெய்தும் முன்பே தொடங்க வேண்டும். இது ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெரியவர் எது சொன்னாலும் பணிய வேண்டும் என்று மட்டும் பழக்கப்பட்ட பிள்ளை, தீயவரிடமும் பணியும். உடலுறுப்புகளுக்குச் சரியான பெயர் தெரியாத பிள்ளையால் வலியையும் சொல்ல முடியாது, வன்முறையையும் சொல்ல முடியாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. இதைப் பிள்ளையின் அடையாள அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள்.

சட்டமும் தேர்வும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு, 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றங்கள் செய்வதையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை அவற்றுள் சில. எனவே பள்ளியில் நீங்கள் கேட்பது சலுகை அன்று, உரிமை. ஆயினும் ஆசிரியரைப் பகைத்துக்கொண்டு இத்திட்டத்தை நடத்த முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பொதுத்தேர்வுக்கான சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் பெறவும் தனித்துவ அடையாள அட்டை பெறவும் காலம் ஆகும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடி வருவதைவிட, ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே வாருங்கள்.

ஒரே ஆண்டில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தையும் எழுத இயலாத பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ஒரு வழி. அங்கே பத்தாம் வகுப்பு நிலையில் ஒரு மொழியேனும் அடங்க ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். மனையியல், ஓவியம் போன்றவையும் உண்டு. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். ஆனால் எளிது என்பதற்காக மட்டும் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் பல பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணிதமும் அறிவியலும் தேவை. பிள்ளை செல்லப்போகும் திசையை முதலில் பார்த்து, பின் பாடத்தை விடுங்கள்.

எந்தத் தேர்வும் எழுத இயலாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமற் போவதால் அவர்கள் கல்வி குறைந்த கல்வி ஆகிவிடாது. அவர்களுக்காக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் அணுகுங்கள். பல குறைபாடுகள் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் ஒன்று உள்ளது.

இப்போது எழுதும் அறிக்கை

அந்தத் தாய் குறிப்பேடுகளைக் காட்டிய நாளிலிருந்து, பள்ளிக்கான என் அறிக்கைகளில் மன வயதை எழுதுவதில்லை. சான்றிதழுக்குத் தேவையான அளவீடுகள் தனித்தாளில் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் தாளில், பிள்ளை தானாகச் செய்பவை, உதவியோடு செய்பவை, கண்ணால் கற்கிறதா காதால் கற்கிறதா, எவ்வளவு நேரம் ஒரு வேலையில் அமரும், மருந்து நேரம், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு இத்தகைய தாள் வேண்டுமென்று நீங்களே கேட்டுப் பெறலாம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது வயது. காலையில் ஒரு நகலகத்தில் தாள்களை அடுக்கி முனை சேர்த்துப் பின் அடிக்கிறாள். பணம் எண்ணுவதில் இன்னும் தடுமாற்றம் உண்டு, கடைக்காரர் உதவுகிறார். பேருந்தில் தனியாக ஏறி இறங்குகிறாள். மூன்று மாதம் முன்புவரை தாய் இரண்டு இருக்கை பின்னால் அமர்ந்து உடன் சென்றார். ஆறே சொற்கள் கொண்ட கைப்பேசிச் செய்திகளைப் படிக்கிறாள். புள்ளிக்கோடுகளில் கழிந்த இரண்டு ஆண்டுகள் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைக்கு அப்படி நேர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

அடுத்த வருகைக்கு முன் செய்ய வேண்டிய பயிற்சி

ஒரு முழுத்தாளில் கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதுங்கள். வீட்டில் உள்ள அனைவரும் சேர்ந்து எழுதினால் நல்லது. உடன்பிறந்தவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்.

1. நேற்றுக் காலை முதல் இரவுவரை பிள்ளை தானாகச் செய்த செயல்கள் எவை?
2. அவனுக்காக நீங்கள் செய்தவை எவை? அவற்றுள் அவனே செய்திருக்கக்கூடியவை எத்தனை?
3. எதைச் செய்யும்போது அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான்?
4. நீங்கள் ஒரு நாள் வீட்டில் இல்லையென்றால் எந்த ஒரு திறன் அவனுக்கு மிகவும் தேவைப்படும்?
5. வலி, பசி, அச்சம் ஆகிய மூன்றையும் அவன் எவ்வாறு தெரிவிக்கிறான்?
6. இருபத்தொரு வயதில் அவனது ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

இத்தாளின் ஒரு படியை வகுப்பாசிரியருக்கும், ஒரு படியைச் சிறப்புப் பயிற்றுநருக்கும் கொடுங்கள். மற்றொன்றை அடுத்த முறை வரும்போது எங்களிடம் கொண்டு வாருங்கள். அந்தத் தடித்த கோப்பின் முதல் பக்கமாக அதை வைப்போம்.